ஊசிக்கு முன்னாடி ஒரு பீப்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல தடுப்பூசி குப்பி மேல இருக்கற குட்டி சதுர பார்கோடு பத்தி நாலு வரிதான் எழுதினேன், அதுக்கு இவ்வளவு கேள்வி வரும்னு நினைக்கல. கிளினிக்ல வேலை பார்க்கறவங்க, டாக்டர், பெத்தவங்கன்னு எல்லாரும் எழுதியிருக்கீங்க. ஒரே மாதிரி வந்ததை ஒண்ணா சேர்த்துட்டேன். பல வருஷம் தடுப்பூசி ரூம்ல மருந்தாளுநரா இருந்தவ நான், அதனால கொஞ்சம் நீளமாவே பேசுவேன், பொறுத்துக்கங்க.

கேள்வி: குழந்தைகள் கிளினிக் ஒண்ணுல ரிசப்ஷன்ல இருக்கேன். தினமும் போட்ட ஊசியோட பேட்ச் நம்பர், எக்ஸ்பயரி எல்லாத்தையும் ரெஜிஸ்டர்ல எழுதி, அப்புறம் கம்ப்யூட்டர்ல ஏத்தி, குழந்தையோட கார்டுலயும் எழுதறேன். டாக்டர் பார்கோடு ஸ்கேனர் வாங்கலாம்னு சொல்றாங்க. நிஜமாவே வேலை குறையுமா, இல்ல இன்னொரு மெஷின் வந்து உக்காருமா?

குறையும்ங்க. ஆனா வேலை குறையறதை விட பெரிய லாபம் ஒண்ணு இருக்கு, அதை முதல்ல சொல்றேன்.

ஒரு குப்பிய கையில எடுத்து பேட்ச் நம்பரை, அதாவது ஒரே தடவைல சேர்த்து தயாரிச்ச மருந்துக்கு கம்பெனி குடுக்கற நம்பரை, படிச்சு பாருங்க. எழுத்து அரிசி மணிய விட சின்னது, குப்பி உருண்டைங்கறதால நம்பர் பாதி அந்தப் பக்கம் வளைஞ்சு போயிருக்கும், ஃபிரிட்ஜ்ல இருந்து எடுத்த ரெண்டாவது நிமிஷம் மேல பனி படிஞ்சு ஈரமாயிடும். அதுல இருக்கறது பூஜ்யமா ஓ எழுத்தா, எட்டா பி-யா, அஞ்சா எஸ்-ஸா, ஒண்ணா ஐ-யா? ஒரு பக்கம் குழந்தை அழுதுட்டு இருக்கு, வெளிய இன்னும் பதினஞ்சு பேர் உக்காந்திருக்காங்க. அந்த நேரத்துல யாரா இருந்தாலும் ஒரு எழுத்தை மாத்தி எழுதிடலாம், அதை மறுபடி பார்த்து ரெண்டு இடத்துல காப்பி பண்ணும்போது இன்னொண்ணு மாறலாம். ஒரே விஷயத்தை மூணு தடவை எழுதறீங்கன்னா தப்பு நடக்கறதுக்கு மூணு வாசல் திறந்து வச்சிருக்கோம்னு அர்த்தம்.

இதைவிட மோசமான ஒரு பழக்கம் எங்கிட்டயே இருந்துச்சு. குப்பில படிக்க கஷ்டமா இருக்குன்னு அட்டைப்பெட்டில இருக்கற நம்பரை காலைலயே ஒரு பேப்பர்ல எழுதி வச்சுக்கிட்டு அன்னைக்கு முழுக்க அதையே போடறது. ஒரு நாள் சாயங்காலம் ஸ்டாக் எண்ணும்போது பார்த்தா ரெஜிஸ்டர்படி தீர்ந்து போயிருக்க வேண்டிய பேட்ச்ல நாலு குப்பி ஃபிரிட்ஜ்ல அப்படியே உக்காந்திருக்கு. அப்ப நாலு குழந்தைக்கு வேற பேட்ச் போயிருக்கு, கார்டுல இந்த பேட்ச்னு எழுதியிருக்கு. எந்த நாலு குழந்தைன்னு கடைசி வரைக்கும் கண்டுபிடிக்க முடியல. ஊசில எந்த குறையும் இல்ல, யாருக்கும் ஒண்ணும் ஆகல, ஆனா அன்னைக்கு ராத்திரி நான் தூங்கல.

ஸ்கேன் பண்ணும்போது கையில இருக்கற அந்த குப்பியே பேசுது. ஒரு பீப், ஊசி பேரு, பேட்ச், எக்ஸ்பயரி எல்லாம் அந்த குழந்தையோட பக்கத்துல போய் உக்காந்துரும். சாஃப்ட்வேர் ஒழுங்கா இருந்தா அதே பீப்ல ஸ்டாக்ல ஒண்ணு கழியும், கார்டும் பிரிண்ட் ஆகும். மாசக் கடைசில ஃபிரிட்ஜ் கதவை திறந்து வச்சுக்கிட்டு எண்ணற வேலை சுருங்கிடும். எந்த பேட்ச் முதல்ல காலாவதி ஆகுதுன்னு ஸ்கிரீன்லயே தெரியறதால அதை முன்னாடி எடுத்து வச்சுக்கலாம், காலாவதி ஆகி குப்பைல போறது குறையும். நீங்க இப்ப எழுதறதுக்கு செலவழிக்கற நேரத்துல வெளிய உக்காந்திருக்கற அம்மாகிட்ட அடுத்த ஊசி எப்பன்னு நிதானமா சொல்லலாம். அது மெஷினால முடியாத வேலை.

கேள்வி: என் குழந்தைக்கு ஊசி போடும்போது குப்பிய ஸ்கேன் பண்ணாங்க. அந்த சதுரத்துக்குள்ள என் குழந்தையோட விவரம் ஏதாவது போகுதா? இன்னொரு குப்பில வட்டத்துக்குள்ள சதுரம் மாதிரி ஒண்ணு இருந்துச்சு, அதுவும் பார்கோடுதானா?

பயப்படாதீங்கம்மா, அந்த சதுரம் ஃபேக்டரில அடிச்சது, உங்க குழந்தை யாருன்னே அதுக்கு தெரியாது. அதுக்குள்ள இருக்கறது மருந்தைப் பத்தின விவரம் மட்டும்தான். உலகம் முழுக்க ஜிஎஸ்1னு ஒரு அமைப்போட முறைப்படி இதை எழுதறாங்க. 01னு ஆரம்பிச்சா அதுக்கு பின்னாடி 14 இலக்கத்துல எந்த கம்பெனியோட எந்த பொருள்னு அடையாள எண். 17னு வந்தா எக்ஸ்பயரி தேதி, ஆறு இலக்கம், வருஷம் மாசம் நாள்ங்கற வரிசைல. 10னு வந்தா பேட்ச் நம்பர். சிலதுல 21னு ஒரு தனி வரிசை எண்ணும் இருக்கும், அது பெரும்பாலும் அட்டைப்பெட்டில. உங்க குழந்தையோட பேரும் இந்த குப்பியும் சேர்றது கிளினிக்ல இருக்கற ரெக்கார்டுலதான், அதை அவங்க பத்திரமா வச்சுக்கணும், அதை நீங்க கேக்கறது நியாயம்.

இந்த சதுரத்துக்கு டேட்டா மேட்ரிக்ஸ்னு பேரு. கியூஆர் கோடுல மூணு மூலைல பெரிய கட்டம் இருக்கும், இதுல அது இருக்காது, இடது பக்கமும் கீழயும் மட்டும் அழுத்தமா ஒரு கோடு ஓடும். கியூஆரை விட சின்ன இடத்துல அடங்கும், அதனாலதான் சுண்டு விரல் நீளக் குப்பிக்கு இதை வச்சாங்க. கொஞ்சம் கீறல் விழுந்தாலும் மீதிய வச்சு கணக்கு போட்டு முழுசா படிச்சுரும், ரொம்ப சேதமானா படிக்கவே படிக்காது. தப்பா படிச்சு ஏமாத்தறது ரொம்ப ரொம்ப அபூர்வம்.

வட்டத்துக்குள்ள சதுரம் வேற சங்கதி. அது வெப்பத்தை காட்டற வில்லை, 1996ல போலியோ சொட்டு மருந்துலதான் முதல்ல வந்துச்சு. குப்பி சூட்டுல இருக்க இருக்க உள்ள இருக்கற சதுரம் கருத்துக்கிட்டே வரும். சதுரம் வெளி வட்டத்தை விட வெளுப்பா இருந்தா சரி, அதே நிறத்துக்கு வந்துட்டாலோ அதைவிட கருத்துட்டாலோ அந்த குப்பிய போடக்கூடாது. இதை ஸ்கேனர் பார்க்காது, கண்ணுதான் பார்க்கணும்.

கேள்வி: ஊசி போட்டாச்சு, தேதியும் எழுதியாச்சு. பேட்ச் நம்பரை இவ்வளவு கட்டிப்பிடிக்கறது எதுக்கு? அதை யாராவது திரும்பி பார்க்கறாங்களா?

பெரும்பாலும் யாரும் பார்க்க மாட்டாங்க. பார்க்க வேண்டிய ஒரு நாள் வரும், அன்னைக்கு அது இல்லன்னா கை கட்டி நிக்கணும்.

1955 ஏப்ரல் 12ஆம் தேதி அமெரிக்காவுல ஜோனஸ் சால்க்ங்கற விஞ்ஞானி உருவாக்கின போலியோ தடுப்பூசி பாதுகாப்பானது, வேலை செய்யுதுன்னு அறிவிச்சாங்க, பெத்தவங்க அழுதுட்டே கொண்டாடினாங்க. ரெண்டு வாரம்கூட ஆகல, ஊசி போட்ட சில குழந்தைங்களுக்கு போலியோ வர ஆரம்பிச்சுது, அதுவும் ஊசி போட்ட அதே கைல முதல்ல வலு போச்சு. அப்ப பல கம்பெனிங்க அந்த ஊசிய தயாரிச்சாங்க. எல்லா ஊசியும் கெட்டதா, இல்ல ஒரு கம்பெனியோடதா, அந்த கம்பெனிலயும் எந்த பேட்ச்? எந்த குழந்தைக்கு எந்த கம்பெனி ஊசி போச்சுன்னு ரெக்கார்ட வச்சு தேடிப் போனப்பதான் கட்டர் லேபரட்டரிஸ் தயாரிப்புன்னு தெரிஞ்சுது, சில பேட்ச்ல வைரஸ் சாகாம உயிரோட இருந்திருக்கு. ஏப்ரல் 27ஆம் தேதி அந்த கம்பெனி ஊசிய திரும்ப எடுத்தாங்க. அதுக்குள்ள போட்டிருந்த ஊசியால சுமார் 200 பேருக்கு கை கால் பாதிச்சு, 10 பேர் இறந்து போயிட்டாங்க. ரெக்கார்ட் இல்லாம இருந்திருந்தா தேடறதுக்கே இன்னும் எத்தனை நாள் ஆகியிருக்கும், அத்தனை நாளும் ஊசி போயிட்டே இருந்திருக்கும், இல்லன்னா பயத்துல நல்ல ஊசியையும் சேர்த்து நிறுத்தியிருப்பாங்க.

இப்ப தயாரிப்புல கண்காணிப்பு எவ்வளவோ கூடியிருக்கு, அந்த மாதிரி நடக்கறது ரொம்ப கடினம். ஆனாலும் ஒரு பேட்ச்ல சந்தேகம் வந்து திரும்ப அனுப்புங்கன்னு சொல்றது எப்பவாவது நடக்கும், வீரியம் குறைஞ்ச பேட்ச்னு தெரிஞ்சா போட்ட குழந்தைங்களை கூப்பிட்டு மறுபடி போட வேண்டி வரும். அப்ப பேட்ச் நம்பரை தட்டின உடனே இருபது பேர் பேரு போன் நம்பரோட வரணும். கை எழுத்து ரெஜிஸ்டர்ல ஒரு எழுத்து மாறியிருந்தா அந்த குழந்தை பட்டியல்லயே வராது, அம்மா அப்பாவுக்கு தெரியவே தெரியாது. அமெரிக்காவுல தயாரிச்ச கம்பெனி, பேட்ச் நம்பர், தேதி, போட்டவங்க யாருன்னு எழுதி வைக்கணும்னு 1986லயே சட்டமா போட்டது இதனாலதான்.

கேள்வி: நான் ஊசி போடற நர்ஸ். எங்க இடத்துல ஸ்கேனர் வந்துடுச்சு. கூட்டமா இருக்கும்போது எல்லா ஊசியும் போட்டு முடிச்சுட்டு, காலி குப்பிங்களை ட்ரேல சேர்த்து வச்சு கடைசில மொத்தமா ஸ்கேன் பண்றோம். ரெக்கார்ட் சரியாத்தானே இருக்கு, இதுல தப்பு இருக்கா?

சிஸ்டர், தப்பு இருக்கு. நீங்க ஒளிக்காம கேட்டதாலதான் இவ்வளவு நேரா சொல்றேன். இந்த இதழ்ல நீங்க வேற எதை மறந்தாலும் இந்த பதிலை மட்டும் மறக்காதீங்க.

ஸ்கேனருக்கு ரெண்டு வேலை. ஒண்ணு எழுதறது, இன்னொண்ணு தடுக்கறது. ஊசி போட்டப்புறம் ஸ்கேன் பண்ணா எழுதற வேலை மட்டும் நடக்கும், தடுக்கற வேலை போச்சு. இந்த குப்பி போன வாரமே எக்ஸ்பயரி ஆயிடுச்சுன்னு ஸ்கிரீன் சிவப்பா காட்டும்போது மருந்து குழந்தை தொடைக்குள்ள இருக்கு. அதுக்கப்புறம் அந்த அம்மாவை உக்கார வச்சு விஷயத்தை சொல்லணும், மறுபடி போடணுமான்னு பார்க்கணும், ரிப்போர்ட் எழுதணும்.

மொத்தமா ட்ரேல சேர்த்து ஸ்கேன் பண்ணும்போது எந்த குப்பி எந்த குழந்தைக்குங்கறது உங்க ஞாபகத்துலதான் இருக்கு. ஒரே நாள்ல ஒரே ஊசி ரெண்டு பேட்ச்ல இருந்தா மறுபடி பழைய ரெஜிஸ்டர் கதைதான், என் நாலு குப்பி கதை மாதிரி.

எந்த மாதிரி தப்பு பிடிபடும்னு பார்ப்போம். தொண்டை அடைப்பான், டெட்டனஸ், கக்குவான் மூணுக்கும் சேர்த்து போடற ஊசில ஏழு வயசுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஒண்ணு, பெரிய பிள்ளைங்களுக்கும் பெரியவங்களுக்கும் வீரியம் குறைச்ச இன்னொண்ணு. இங்கிலீஷ் சுருக்கப் பேர்ல ரெண்டுக்கும் வித்தியாசம் எழுத்து வரிசையும் பெரிய எழுத்தா சின்ன எழுத்தாங்கறதும்தான், ஃபிரிட்ஜ்ல பக்கத்து பக்கத்து தட்டுல இருக்கும். சாஃப்ட்வேர்ல குழந்தையோட பிறந்த தேதி இருந்தா ஸ்கேன் பண்ண உடனே வயசு பொருந்தலன்னு கத்தும். போன டோஸுக்கும் இதுக்கும் இடைவெளி பத்தாதுன்னாலும் கத்தும். ஆனா கத்தறப்ப கையில ஊசி ஏறாத குப்பி இருக்கணும்.

அடுத்தது பொடியா வந்து கரைச்சு போடற ஊசி. இதைப் பத்தி எழுதும்போது எனக்கு கை நடுங்கும். 2018 ஜூலைல சமோவா தீவு நாட்டுல ஒரு ஆஸ்பத்திரில ஒரு வயசுக் குழந்தைங்க ரெண்டு பேர் தட்டம்மை கூட்டு ஊசி போட்ட கொஞ்ச நேரத்துலயே இறந்து போனாங்க. ஊசி நல்ல ஊசி. பொடிய கரைக்கறதுக்கு அதோட தண்ணிய எடுக்காம, மயக்க மருந்தோட சேர்த்து தர்ற, தசைய தளர வைக்கற ஒரு மருந்தை எடுத்து கரைச்சுட்டாங்க. அது தெரியறதுக்குள்ள ஊசியே கொல்லுதுன்னு ஊர் முழுக்க பரவிடுச்சு, அந்த தடுப்பூசி திட்டத்தையே பல மாசம் நிறுத்தினாங்க, அப்புறம் திரும்ப ஆரம்பிச்சும் ஜனங்க வரல. 2019 கடைசில தட்டம்மை வந்து 5,700 பேருக்கு மேல பாதிச்சு 83 பேர் இறந்தாங்க, பெரும்பாலும் அஞ்சு வயசுக்கு கீழ. நாட்டோட மொத்த ஜனத்தொகையே ரெண்டு லட்சம்தான். ஒரு மேஜை மேல மாறிப்போன ஒரு குப்பி அது.

2014ல சிரியாவோட இட்லிப் பகுதிலயும் இதே மாதிரி கரைக்கற தண்ணிக்கு பதிலா தசை தளர்த்தற மருந்து மாறி 15 குழந்தைங்க இறந்திருக்காங்க. அதனால கரைச்சு போடற ஊசின்னா பொடி குப்பியையும் தண்ணி குப்பியையும் ரெண்டையும் ஸ்கேன் பண்ணுங்க, சாஃப்ட்வேர் ரெண்டும் ஜோடிதானான்னு கேக்கற மாதிரி வைக்கச் சொல்லுங்க. தண்ணி ஆம்பியூல்ல, அதான் கழுத்தை உடைச்சு திறக்கற கண்ணாடிக் குப்பில, எல்லாத்துலயும் பார்கோடு இருக்காது, இல்லாத இடத்துல ரெண்டு பேர் நின்னு லேபிளை வாய்விட்டு படிச்சுட்டுத்தான் உடைக்கணும். தசை தளர்த்தற மருந்து, இன்சுலின் எதுவும் தடுப்பூசி ஃபிரிட்ஜ்ல இருக்கவே கூடாது.

ஸ்கேனர் பார்க்க முடியாததும் இருக்கு. ஃபிரிட்ஜ் பழுதாகி உறைஞ்சு போன குப்பிக்கும் கோடு அழகா பீப்னு கத்தும், ஹெபடைடிஸ் பி மாதிரி ஊசிங்க உறைஞ்சா வீணாயிடும், அது கோடுக்கு தெரியாது. சிரிஞ்சுல எவ்வளவு இழுத்தீங்க, எந்த இடத்துல குத்தினீங்க, எதுவும் தெரியாது. முன்னாடி நிக்கறது அதே பேர் உள்ள வேற குழந்தையான்னும் தெரியாது. அதனால பேரும் பிறந்த தேதியும் அம்மா வாயால சொல்ல வச்சு கேளுங்க. நீங்க பேரைச் சொல்லி ‘ஆமாவா’ன்னு கேட்டா களைச்சுப் போன அம்மா எல்லாத்துக்கும் ஆமாம்னுதான் சொல்லுவாங்க.

வரிசை இதுதான்: குழந்தையோட ரெக்கார்டை திறக்கணும், குப்பிய ஸ்கேன் பண்ணணும், ஸ்கிரீனை கண்ணால பார்க்கணும், அப்புறம் மருந்தை இழுக்கணும். கூட்டத்துல இது ரொம்ப நேரம் எடுக்கற மாதிரி தோணும், ஸ்கேனர் ஊசி மேஜைலயே கைக்கு எட்டற தூரத்துல இருந்தா எடுக்காது. வேற ரூம்ல ரிசப்ஷன் மேஜைல இருந்தா யாரும் நடந்து போய் ஸ்கேன் பண்ண மாட்டாங்க, அது உங்க தப்பும் இல்ல, மேஜைய போட்டவங்க தப்பு. உங்க டாக்டர்கிட்ட இந்த பக்கத்தை காட்டுங்க.

கேள்வி: சின்ன கிளினிக் நடத்தற டாக்டர் நான். ஸ்கேனர் வாங்கியாச்சு. ஒண்ணு பாதி குப்பிய படிக்கவே மாட்டேங்குது. இன்னொண்ணு படிக்குது, ஆனா பேட்ச் நம்பரோட வால்ல சம்பந்தமில்லாத எண்ணெல்லாம் ஒட்டிக்கிட்டு வருது. மெஷின் கோளாறா?

டாக்டர், முதல் மெஷின் லேசர் வகையா இருக்கும், சிவப்பு கோடு ஒண்ணு விழும் பாருங்க, அது கோடு கோடா உள்ள பழைய பார்கோடை மட்டும்தான் படிக்கும். சதுரத்தை படிக்க போட்டோ எடுக்கற மாதிரியான இமேஜர் வகை வேணும். இது ஏன் இப்படி ரெண்டு வகையா ஆச்சுன்னா, 2004ல அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ மருந்துங்கள்ல பார்கோடு வேணும்னு விதி போட்டப்ப கேட்டது கோடு வகை, அதுல மருந்தோட அடையாள எண் இருந்தா போதும்னாங்க. பேட்சும் எக்ஸ்பயரியும் சேர்த்து போட்டா கோடு நீளமாகி சின்ன குப்பில அடங்காது. குழந்தை டாக்டர்கள் இது எங்களுக்கு பத்தாதுன்னு சொல்லிட்டே இருந்தாங்க, 2011ல தடுப்பூசிக்கு சதுர வகைய போட்டுக்கலாம்னு எஃப்டிஏ வழி விட்டுச்சு, அங்க இருக்கற நோய்க் கட்டுப்பாட்டு மையம் சிடிசி அப்பவே கிளினிக்குங்கள்ல சோதனை பண்ணி பார்த்துச்சு. கை எழுத்தை விட பேட்ச் நம்பரும் எக்ஸ்பயரியும் சரியா முழுசா பதிவாச்சு. ஆனா ஸ்கேனர் இருந்தும் எல்லாரும் எல்லா நேரமும் ஸ்கேன் பண்ணலங்கறதும் தெரிஞ்சுது.

ரெண்டாவது மெஷின்ல கோளாறு செட்டிங்ல. பேட்ச் நம்பருக்கு நிலையான நீளம் கிடையாது, 20 எழுத்து வரைக்கும் எவ்வளவு வேணா இருக்கலாம். அது எங்க முடியுதுன்னு காட்ட கண்ணுக்கு தெரியாத ஒரு பிரிப்பு எழுத்து உள்ள இருக்கும். பல ஸ்கேனர் கீபோர்டுல தட்டற மாதிரிதான் கம்ப்யூட்டருக்கு அனுப்பும், அப்ப அந்த பிரிப்பு எழுத்தை முழுங்கிடும், பின்னாடி வர்ற 21ங்கற எண்ணும் வரிசை எண்ணும் பேட்ச் நம்பரோட வாலா ஒட்டிக்கும். ஸ்கேனர் கூட வந்த சின்ன புக்ல அந்த எழுத்தையும் சேர்த்து அனுப்புங்கற செட்டிங்குக்கு ஒரு பார்கோடு இருக்கும், அதை ஒரு தடவை ஸ்கேன் பண்ணிட்டு, சாஃப்ட்வேர் கம்பெனிகிட்ட அந்த எழுத்தை புரிஞ்சுக்கற மாதிரி வைக்கச் சொல்லுங்க.

இன்னும் ரெண்டு இடத்துல கவனமா இருங்க. கேப்ஸ் லாக் ஆன்ல இருந்தா சில மெஷின்ல பெரிய எழுத்தெல்லாம் சின்ன எழுத்தா விழும், அப்புறம் தேடும்போது பேட்ச் கிடைக்காது. தேதி விஷயம் அதைவிட ஆபத்து. கோடுல 270331னு இருந்தா 2027 மார்ச் 31. சாஃப்ட்வேர் எழுதினவங்க நாள் மாசம் வருஷம்னு நினைச்சு எழுதியிருந்தா அதையே 2031 மார்ச் 27னு படிச்சுரும். நாலு வருஷம் கூடுதலா ஆயுள் குடுத்தாச்சு, எந்த எச்சரிக்கையும் வராது, ஏன்னா ரெண்டுமே செல்லுபடியாகற தேதி. நாள் இடத்துல 00னு இருந்தா அந்த மாசத்தோட கடைசி நாள்னு எடுத்துக்கணும், அதையும் சில சாஃப்ட்வேர் குழப்பும். அதனால முதல் நாள் ஃபிரிட்ஜ்ல இருக்கற ஒவ்வொரு வகை ஊசிலயும் ஒண்ணை எடுத்து ஸ்கேன் பண்ணி ஸ்கிரீன்ல வர்றதையும் லேபிள்ல இருக்கறதையும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு பாருங்க. காலாவதி ஆன குப்பி ஏதாவது ஓரமா எடுத்து வச்சிருந்தா அதையும் ஸ்கேன் பண்ணுங்க, சிவப்பு விழுதான்னு தெரியும். விழலன்னா அந்த சாஃப்ட்வேரை நம்பி ஒரு ஊசியும் போடாதீங்க.

கேள்வி: கரண்ட் இல்ல, நெட் இல்ல. அப்ப?

அப்ப பேனாதான். சில சிரிஞ்ச்ல பிச்சு ஒட்டற ஸ்டிக்கர் இருக்கும், அதை அப்படியே ரெஜிஸ்டர்ல ஒட்டிருங்க, எழுத வேண்டாம். ஸ்டிக்கர் இல்லாத குப்பிய அன்னைக்கு மட்டும் போன்ல லேபிளோட போட்டோ எடுத்து வச்சுக்கிட்டு சாயங்காலம் ஏத்துங்க, போட்டோல குழந்தை முகமோ பேரோ வர வேண்டாம்.

கேள்வி: மருந்தாளுநர் நான். அட்டைப்பெட்டிய ஸ்கேன் பண்ணா ஒரு அடையாள எண் வருது, உள்ள இருக்கற குப்பிய ஸ்கேன் பண்ணா வேற எண் வருது. எது சரி? பத்து டோஸ் குப்பிய எப்படி கணக்கு வைக்கறது?

ரெண்டும் சரிதான். பெட்டி விக்கற அளவு, குப்பி போடற அளவு, ரெண்டுக்கும் தனித்தனி எண் குடுத்திருப்பாங்க. ஸ்டாக் உள்ள வரும்போது பெட்டிய ஸ்கேன் பண்றோம், ஊசி போடும்போது குப்பிய பண்றோம், இந்த ரெண்டு எண்ணும் ஒரே மருந்துன்னு சாஃப்ட்வேருக்கு தெரியலன்னா ஸ்டாக் ஏறிக்கிட்டே போகும், கழியவே கழியாது. அமெரிக்காவுல சிடிசி இதுக்கு ஒரு பொருத்தப் பட்டியலே வச்சிருக்கு. உங்க இடத்துல அப்படி இல்லன்னா புது கம்பெனி மருந்து வர்ற அன்னைக்கே ரெண்டு எண்ணையும் நீங்களே ஜோடி சேர்த்து பதிஞ்சிருங்க.

பத்து டோஸ் குப்பில கோடு ஒண்ணு, குழந்தை பத்து. ஒவ்வொரு குழந்தைக்கும் அதே குப்பிய மறுபடி ஸ்கேன் பண்ணணும், அப்ப ஸ்டாக்ல குப்பி கழியக்கூடாது, டோஸ்தான் கழியணும். அதுல நிறைய பேர் கவனிக்காத ஒண்ணு சொல்றேன். கோடுல இருக்கற எக்ஸ்பயரி மூடி திறக்காத குப்பிக்கு. கரைச்ச தட்டம்மை ஊசிக்கு கூடப்போனா ஆறு மணி நேரம்தான் ஆயுள், அதுக்குள்ளயே அன்னைக்கு முகாம் முடிஞ்சா அப்பவே தூக்கி போடணும். ஆனா ஸ்கேனர் மறுநாள் காலைலயும் ‘நல்லா இருக்கு’ன்னுதான் சொல்லும். உறைஞ்ச நிலைல வர்ற ஊசிகளை ஃபிரிட்ஜுக்கு மாத்தின நாள்ல இருந்து ஓடற கணக்கும் கோடுக்கு தெரியாது. திறந்த நேரத்தை குப்பி மேல பேனால எழுதுங்க, ஆனா பார்கோடு மேல எழுதிடாதீங்க.

கேள்வி: முப்பது வருஷமா ஊசி போடறேன். இப்ப ஒவ்வொரு குப்பியையும் மெஷின்கிட்ட காட்டி அனுமதி வாங்கணும்னு சொல்றாங்க. சின்னப் பிள்ளைங்க டக்குனு பண்றாங்க, எனக்கு கண்ணு சரியா தெரியல, ஸ்கேனரை எப்படி பிடிக்கணும்னே தெரியல. என் மேல நம்பிக்கை இல்லாமத்தானே இதெல்லாம்?

அக்கா, உங்க கடிதத்தை ரெண்டு தடவை படிச்சேன். அந்த வலி எனக்கு புரியுது, நானும் அந்த மேஜைல நின்னவதான். உங்க மேல நம்பிக்கை இல்லாம கொண்டு வந்தது இல்ல. நீங்க கண்ணு தெரியலன்னு எழுதியிருக்கீங்க, அந்த எழுத்து முப்பது வயசுக்காரங்களுக்கே தெரியாது, அவங்க தெரியற மாதிரி எழுதிட்டு போயிடறாங்க. உங்க கண்ணுக்கு இது ஒரு கண்ணாடி மாதிரி. உங்க கை அழுத குழந்தைய பிடிக்கற விதம், அம்மாவை பேச்சு குடுத்து திருப்பறது, கலங்கலா இருக்கற மருந்தை வெளிச்சத்துல காட்டி பார்த்ததுமே ஒதுக்கறது, இதுல எதையும் மெஷின் கேக்கல. நம்பர் எழுதற வேலைய மட்டும்தான் அது எடுத்துக்குது.

பிடிக்கற விதம் சொல்றேன், நாளைக்கே செஞ்சு பாருங்க. ஃபிரிட்ஜ்ல இருந்து எடுத்ததும் குப்பிய பஞ்சுல மெதுவா ஒரு தடவை துடைங்க, ஈரம் இருந்தா வெளிச்சம் சிதறி படிக்காது. ஸ்கேனரை கையில தூக்காதீங்க, ஸ்டாண்டுல நிக்க வச்சுட்டு குப்பிய அதுக்கு முன்னாடி கொண்டு போங்க, ரெண்டு கையும் குப்பில இருந்தா நடுக்கம் வராது. நேரா காட்டினா கண்ணாடி பளபளப்பு அடிக்கும், கொஞ்சமா சாய்ச்சு, மெதுவா உருட்டுங்க. முதல்ல குப்பிய ஸ்கேனரோட முகத்துக்கு ரொம்ப கிட்ட வச்சுட்டு அப்புறம் பின்னாடி இழுத்துக்கிட்டே வாங்க, ஒரு இடத்துல பீப்னு அடிக்கும், அந்த தூரம் ரெண்டு நாள்ல கைக்கு பழகிடும். பழகறதுக்கு காலி குப்பி பத்து எடுத்து வச்சுக்கங்க, கூட்டம் இல்லாத மத்தியான நேரத்துல, யாரும் பார்க்காதப்ப, சாஃப்ட்வேர்ல எந்த குழந்தை பேரும் திறக்காம வெறும் நோட்பேட்ல.